மைனாவின் எள்ளுருண்டை

குதிரைக்கு என்ன தீனி போடலாம் என்று என் மச்சான் பரீது கேட்காத ஆள் கொழிஞ்சாம்பாறையில் ஒருவர்கூட இல்லை. சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடை இறக்குகிறவரைக் கேட்பார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டுச் செருப்பு மாட்டுகிறவரைக் கேட்பார். குதிரையைப் படத்தில் மட்டும் பார்த்தவர் கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நின்றால் அவரையும் விடமாட்டார். கேட்டதோடு நிறுத்தினால் பரவாயில்லை, சொன்னதை அன்று சாயந்தரமே செய்தும் விடுவார். வண்டிப்பேட்டைக்கு எதிரே தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கூத்தையெல்லாம் காஜா எடுத்தபடியே பார்க்கும் பாக்கியம். போதாக்குறைக்கு என் தங்கை கௌலத்தை அவருக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தங்கை புருஷன் என்பதால் எத்தனை ஆத்திரம் வந்தாலும் 'ர்' போட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது.

பரீதின் அத்தாவுக்குப் புதுநகரத்தில் மளிகைக்கடை. மூத்த பிள்ளை என்று இவரைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். அரிசி வாங்க வந்தவர்களிடம், கடைக்கு எந்த அரிசி பிடித்துப் போடலாம் என்று இவர் யோசனை கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆளுக்கொரு மூட்டை வந்து இறங்கியது. கடை தம்பி கைக்குப் போயிற்று. பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். என்னைத் தனியாகக் கிணற்றுப் பக்கம் கூட்டிப் போய், கௌலத்தைத் தான் கட்டலாமா வேண்டாமா என்று கேட்டார். பெண்ணின் அண்ணனிடம் போய்! நான் வேறு என்ன சொல்வேன்? கட்டுங்கள் என்றேன், கட்டினார். எனக்குத் தெரிந்து அவர் யாரையும் கேட்காமல் செய்த காரியம் மைனாவை வாங்கியது ஒன்றுதான்.

மைனா செவலை நிறத்து மட்டக்குதிரை, பெட்டை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சந்தையில் பார்த்தாராம். அது இவர் சட்டைப் பையை மோந்து பார்த்ததாம். உடனே கூட்டி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை வேலந்தாவளத்துக்கும் வடகரப்பதிக்கும் ஆள் ஏற்றிப் போவதும், வந்து மைனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும்தான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. கௌலத் ஒரு தடவை என்னிடம், தனக்குக் காய்ச்சல் வந்தால் அவர் கஷாயம் வைப்பார், மைனா தும்மினால் தூங்கவே மாட்டார் என்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, அலுத்துப் போய்ச் சொன்னாள்.

ஊரைக் கேட்டு நடக்கிற அந்த மனிதருக்கும் ஒரு சட்டம் இருந்தது. தான் வாயில் வைத்துப் பார்க்காத எதையும் மைனாவுக்கு வைக்க மாட்டார். கொள்ளு வேகவைத்தால் ஒரு பிடி தின்று பார்ப்பார். கடலைக்கொடியைக் கடித்துப் பார்ப்பார். பருத்திக்கொட்டை அரைத்த பாலைக் குடித்துவிட்டு, இனிப்பாக இருக்கிறது என்று கௌலத்துக்கும் நீட்டுவார். மீன் எண்ணெய் ஊற்றினால் ரோமம் மினுங்கும் என்று எவனோ சொல்லி, அதையும் ஒரு மடக்கு குடித்தார். அன்றைக்கு அவர் வண்டியில் ஏறிய சனம் வேலந்தாவளம் போய்ச் சேரும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. குதிரைப் படம் போட்ட டப்பாவில் டானிக் பவுடர் விற்க வந்தவன் ஒருவன் இருந்தான். அவன் கண் முன்னாலேயே ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, அவன் கால் மேலேயே துப்பினார். பேட்டையில் அவருக்கு அடுத்த வண்டிக்காரர் மிக்கேல், குதிரைக்கு அலுப்புத் தீர ஒரு கலயம் கள் ஊற்றச் சொல்லி நெடுநாளாய் நச்சரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் கள்ளுக்கா பஞ்சம். ஆனால் பரீது கள்ளைத் தொடாதவர். தான் குடிக்க முடியாததை அதுக்கு மட்டும் எப்படி ஊற்றுவது என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரை அசைக்கவே முடியாது.

கேரளம் என்று மாநிலம் பிரித்த மறு வருஷம் பேட்டைக்குப் பின்னால் ஒரு நெல் மில் வந்தது. மில்லோடு தவிடும் வந்தது. தவிட்டைப் பிசைந்து வைத்ததும் மைனா அமர்க்களமாகத் தின்றது. உடம்பு திரண்டு, முதுகு பளபளவென்று ஆயிற்று. வண்டியில் ஏறுகிறவர்களெல்லாம் பாராட்டினார்கள். பாராட்டப் பாராட்ட பரீது தவிட்டைக் கூட்டினார். புல் அறுப்பதை நிறுத்தினார். வாய்க்கால் கரையில் சும்மா முளைத்துக் கிடப்பதில் என்ன சத்து இருக்கப் போகிறது என்பது அவர் எண்ணம். கொள்ளும் குறைந்தது. பெரிய தீனிப்பை வேண்டும் என்றார், தைத்துக் கொடுத்தேன். இன்னும் பெரியதாக வேண்டும் என்றார், அதையும் தைத்துக் கொடுத்தேன். குதிரைக்கு வாயா இல்லை கிணறா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஐப்பசி மழை நின்ற சமயம் மைனா நொண்டத் தொடங்கியது. ஒரு நாள் இடது முன்னங்கால், மறுநாள் வலது, அடுத்த வாரம் பின்னங்கால். லாடம் கோணல் என்று கழற்றி அடித்தார்கள், முள் என்று தேடினார்கள். முள்ளாவது ஒரு காலில் இருக்கும், இது காலுக்குக் கால் மாறியது. பிறகு மூக்குக்கு மேலே இரு பக்கமும் முகம் வீங்கியது. தீனியை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல முடியாமல் கீழே சிந்தியது. படுத்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும் என்றாகிவிட்டது. அந்த ஒரு மாசம் கொழிஞ்சாம்பாறையில் மாட்டு வைத்தியம், மந்திரம், முட்டை, நல்லெண்ணெய் என்று யோசனை சொல்லாதவன் பாவி. எல்லோரும் ஒன்றில் மட்டும் ஒத்துப் போனார்கள், தவிட்டை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள் என்று. பரீதும் கூட்டினார்.

கடைசியில் கௌலத் சண்டை போட்டு அவரை மிருக ஆசுபத்திரிக்கு விரட்டினாள். டாக்டர் ஒற்றப்பாலத்துப் பக்கத்து மலையாளி, புதிதாக மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர், ஆனால் வேகமாகப் பேசுவார். மைனாவின் தாடையை அமுக்கிப் பார்த்தார், கால்களை மடக்கிப் பார்த்தார், என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். பரீது பெருமையாகத் தவிட்டைச் சொன்னதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். தவிடு மட்டும் தின்றால் குதிரைக்கு எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து போகும் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அந்த விளக்கம் இவர் காதில் ஏறவில்லை. கடைசியில் சொன்ன மூன்றை மட்டும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து எங்களிடம் அப்படியே ஒப்பித்தார்.

"தவிடு வேண்டா. பச்சப்புல்லு கொடுக்கணம். திவசவும் ஓரோ பிடி எள்ளுபொடி."

இந்த மூன்றில் அவர் செய்தது மூன்றாவதை மட்டும். தவிட்டை நிறுத்தினால் வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கும் என்று அதைத் தொடர்ந்தார். புல்லைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டார். ஆனால் எள்ளுப்பொடி என்றதும் ஆள் குளிர்ந்துவிட்டார். வெல்லம் சேர்த்து இடித்து உருண்டை பிடித்துத் தரும்படி கௌலத்திடம் சொன்னார். அவளும் உரலில் இடித்து உருட்டினாள். மைனாவுக்கு ஒன்று, இவருக்கு இரண்டு. ருசி பார்க்கிறாராம். மைனா அப்படியே நொண்டிக்கொண்டிருக்க, இவர் கன்னம் மட்டும் உப்பிக்கொண்டு வந்தது.

எள்ளு வாங்கக் கௌலத் வடகரப்பதி வழியில் தோட்டம் வைத்திருக்கும் கருப்பாத்தாளிடம் போனாள். கருப்பாத்தாள் எல்லைக்கு இந்தப் பக்கமே பிறந்து வாழ்ந்தவர், ஆனால் மலையாளம் தன் காதில் விழாத மாதிரியே வாழ்ந்துவிட்டவர். டாக்டர் சொன்னதைக் கௌலத் அவர் வார்த்தையிலேயே சொல்லித் தொலைத்தாள், திவசமும் எள்ளு கொடுக்கச் சொன்னார் என்று. டாக்டர் பாஷையில் திவசம் என்றால் நாள். கருப்பாத்தாளுக்கு அது செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள்.

"உசுரோட நிக்கற குருதைக்கு இப்பவே திவசமா?" என்று கேட்டார் கருப்பாத்தாள். "அப்ப டாக்டரு கை உட்டுட்டாருன்னு சொல்லு."

கௌலத் இல்லையென்று சொல்லி முடிப்பதற்குள் அது தோட்டத்து ஆட்கள் வாயில் ஏறி, அவளுக்கு முன்பாகவே பேட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பரீது ராவுத்தர் குதிரைக்கு டாக்டர் திவசம் குறித்துவிட்டார் என்று ஊரே பேசிற்று. டாக்டர் வாயிலிருந்து நேரில் கேட்டவர் பரீதுதான். எவன் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியாதா? ஆனால் நாலு பேர் சொன்னதும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருப்பாரோ மச்சான் என்று என்னிடமே வந்து கேட்டார். கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து போங்கள் என்றேன்.

இந்தச் சேதி பாஸ்கலின் காதுக்கும் போயிற்று. பாஸ்கல் ஒரு சர்க்கஸுக்காக ஊர் ஊராய்த் திரிந்து குதிரை வாங்குகிறவர். ஓடுகிற குதிரையை அல்ல. ஓய்ந்து போனதை வாங்கி லாரியில் ஏற்றி அனுப்புவார், அது சிங்கத்துக்குப் போகும். அதை ஒளிக்காமல் சொல்லித்தான் கேட்பார், அந்த விஷயத்தில் யோக்கியமான மனிதர். எழுந்திருக்க முடியாமல் புண்பட்டுச் சாவதைவிட இது மேல் என்று நிதானமாகப் பேசினார். பேட்டையில் எல்லோரும் தலையாட்டினார்கள். மிக்கேல்கூட, தன் பழைய குதிரையையும் அப்படித்தான் அனுப்பியதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் சொல்கிறார்களே என்று பரீது ஒத்துக்கொண்டார். பொங்கல் கழிந்த முதல் சந்தைக்குப் பாஸ்கல் வருவார். அன்று மைனா வண்டி இழுத்தால் சரி, இல்லையென்றால் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிடுவது என்று பேச்சு. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், மைனாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். கௌலத் அவரைத் தேற்றவில்லை. அழுவதற்கு முன்னால் ஒரு தடவை தன்னைக் கேட்டிருக்கலாமே என்றாள். உலகத்தையே கேட்கிற மனிதர் வீட்டில் இருப்பவளை மட்டும் கேட்க மாட்டார்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் மிருக டாக்டர் கால்சட்டை தைக்க என்னிடம் வந்தார். கீழே குனிந்து கால் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். குதிரை பொடி தின்கிறதா என்று விசாரித்தார். பேஷாகத் தின்கிறது, வெல்லம் போட்டு இடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கிறார்கள், வீட்டுக்காரரும் கூடவே தின்கிறார் என்றேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு டேப் கைநழுவிவிட்டது.

"ஆளும் தின்னுன்னுண்டோ? எல்லுபொடியா?" என்றார். பிறகு நான் அளந்துகொண்டிருந்த தன் முழங்காலையே விரலால் டக்டக்கென்று தட்டிக் காட்டினார். "எல்லு. இது, இது."

எலும்பு. அவர் பாஷையில் எல்லு என்றால் எலும்பு. டாக்டர் எலும்புப் பொடி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நம்மாள் ஒரு எழுத்தை மாற்றிக் காதில் வாங்கி, எள்ளை இடித்துத் தானும் தின்று குதிரைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, யாரையாவது அடிக்கலாம் போலவும் இருந்தது. மைனாவுக்கு இந்தப் பொடி அவசியம்தானா, சும்மா ஒரு கூடுதலுக்கா என்று டாக்டரையே கேட்டேன். நல்ல புல்லும் கொள்ளும் தின்கிற குதிரைக்கு எந்தப் பொடியும் வேண்டாம் என்றார். ஆனால் இதன் எலும்பையே தவிடு தின்றுவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், தவிட்டை நிறுத்தாமல் எந்தப் பொடி கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆசுபத்திரியிலிருந்து ஒரு தகர டப்பா கொடுத்தனுப்பினார். வேகவைத்துச் சுத்தம் செய்து அரைத்த, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி.

டப்பாவைக் கௌலத்திடம் கொண்டுபோய்க் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். உன் புருஷனைக் கூப்பிடு, நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"அவருகிட்டச் சொல்லீராதீங்கண்ணே," என்றாள். "சொன்னா நாக்குல வெச்சுப் பாக்கோணும்பாரு. எந்த மாட்டு எலும்போ, எப்பிடிச் செத்ததோ, ஹராமுன்னு தொட மாட்டாரு. அவரு தொடாதது மைனா வாய்க்குப் போகாது. அப்பறம் பாஸ்கலு வந்து கயித்தப் புடிச்சுக்குவான்."

மிருகத்துக்கு ஏது ஹலால் ஹராம், பள்ளிவாசலில் ஹஜ்ரத்தைக் கேட்டால் அவரே சொல்வார் என்றேன். அது ஹஜ்ரத்தின் சட்டம், இது இவர் சட்டம் என்றாள். அவள் சொன்னதும் சரிதான். கள்ளுக்கு நடந்ததை நானே பார்த்தவன்.

அன்றைக்கே கௌலத் மில் தவிட்டு மூட்டையை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக் கருப்பாத்தாள் எருமைக்கு அனுப்பிவிட்டாள். பதிலுக்குக் கருப்பாத்தாள் தோட்டத்தில் கிணற்றடியில் போட்டிருந்த குதிரைமசால் ஒரு கட்டு வந்தது. பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனம். ஊரில் ஒருவனுக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை, இவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. காலையில் கௌலத்தே வாய்க்கால் கரைக்குப் போய் அருகம்புல் அறுத்து வந்தாள். தவிடு எங்கே என்று பரீது கேட்டதற்கு, டாக்டர் வேண்டாம் என்றார், தீர்ந்தது, இனி யாரையும் எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவரும் ஆச்சரியமாக அதற்குக் கட்டுப்பட்டார்.

உருண்டை விஷயம்தான் அவளுக்கு நெஞ்சிடியாக இருந்தது. எள்ளும் வெல்லமும் கொஞ்சம், வெள்ளைப் பொடி ஒரு பிடி என்று மைனாவுக்கு உருட்டினாள். பரீதுக்கென்று வெறும் எள்ளில் வேறாக இடித்து உருட்டினாள். மாறிப் போய்விடுமோ என்று பயந்து பயந்து இரண்டு கிண்ணத்தில் வைத்தாள். முதல் நாள் அவருடைய கிண்ணத்தை நீட்டியதும், பல் வலிக்கிறது, அப்புறம் தின்கிறேன் என்று எடுத்து வைத்துக்கொண்டாராம். மைனாவின் உருண்டையையும் தொட்டு நாக்கில் வைக்கவில்லை. அப்படியே ஊட்டிவிட்டார். மறுநாள் வயிறு சரியில்லை என்றார். அதற்கடுத்து மறுபடியும் பல். அல்லாவாகப் பார்த்துக் கொடுத்த பல்வலி என்று கௌலத் என்னிடம் சொல்லிக் கையேந்தினாள். நானும் நல்ல வேளை என்றேன். அந்தப் பல்வலிக்காரர் பேட்டையில் உட்கார்ந்து சோளப்பொரி கொறித்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மார்கழியில் மைனா தீனியைச் சிந்தாமல் மென்றது. அது முதல் நல்ல சேதி. பிறகு ஒரு காலையில் யாரும் தூக்காமல் தானே எழுந்து நின்றது. காலுக்குக் கால் மாறிய நொண்டல் குறைந்துகொண்டே வந்தது. முகத்து வீக்கம் மட்டும் முழுக்க வற்றவில்லை, அது அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். பளபளப்புப் போய்விட்டது, வயிறு கொஞ்சம் வற்றியது. இளைத்துவிட்டதே என்று பேட்டையில் நாலு பேர் பரீதிடம் விசனப்பட்டார்கள். பரீது வாயைத் திறந்து என்ன போடலாம் என்று கேட்கப் போனவர், கௌலத்தை நினைத்துக்கொண்டு மூடிவிட்டார்.

பொங்கல் கழிந்த சந்தை வந்தது. பாஸ்கல் கயிற்றுச் சுருளோடு பேட்டையில் வந்து நின்றார். மைனாவை வண்டியில் பூட்டினார்கள். பரீது வாரை இரண்டு தடவை அவிழ்த்து மாட்டினார். வேலந்தாவளம் ரோட்டில் பாலம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். ஓட்டமென்று சொல்ல முடியாது, நல்ல நடை. ஆனால் நாலு காலும் ஒரே மாதிரி ஊன்றிய நடை. பாஸ்கல் குனிந்து கால்களைத் தடவிப் பார்த்தார். இது இன்னும் பல வருஷம் ஓடும், எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பரீது மைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மிக்கேல் சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது அடுத்த கூத்து. எள்ளுருண்டைதான் குதிரையை எழுப்பியது என்று பேட்டை முழுக்கப் பேச்சு. திவசம் குறித்தவர்களே இப்போது எள்ளின் மகிமையைச் சொன்னார்கள். கருப்பாத்தாள் காளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். பரீது நடுவில் நின்று, எள்ளு எப்படி வறுப்பது, வெல்லம் எப்படிச் சேர்ப்பது என்று பெருமையாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். யோசனை கேட்டே வயதானவர் யோசனை சொல்கிறார்! நான் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

கௌலத் மத்தியானத் தீனியோடு அப்போதுதான் வந்தாள். மைனாவின் கிண்ணம் கூடையில் மேலாக இருந்தது. மிக்கேல் எட்டி ஒரு உருண்டையை எடுத்தார்.

"இத்தன மகிமைன்னா நானும் ஒண்ணு தின்னு பாக்கறேன் ராவுத்தரே," என்று வாயருகே கொண்டுபோனார்.

கௌலத் கை நீட்டுவதற்குள் பரீதின் கை பாய்ந்து வந்து மிக்கேலின் மணிக்கட்டைத் தட்டியது. உருண்டை மண்ணில் விழுந்தது. இது குதிரைக்கு, மனுசன் திங்கறதில்ல என்று சொல்லிவிட்டு, அதை எடுத்துத் தூசு தட்டி மைனாவின் வாயில் வைத்தார். உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. அதை வேட்டியில் துடைத்தார். மிக்கேல் கோபித்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். கூட்டமும் கலைந்தது.

கௌலத் நகரவில்லை. நிக்காஹ் முடிந்த இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க," என்றாள். "மீன் எண்ணெயக்கூடக் குடிச்சீங்களே. இந்த உருண்டைய மட்டும் ஒரு நாளாச்சும் நாக்குல வெச்சீங்களா?"

பரீது மைனாவின் பிடரியைக் கோதிக்கொண்டே இருந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எள்ளுன்னாக் கையில எண்ணெய் ஒட்டும்," என்றார். "பல் வலிக்குதுன்ன அன்னைக்கு ஒட்டுனது வெள்ளையா இருந்துச்சு. டாக்டரும் ரோட்டுல பாத்து, எள்ளுன்னு சொல்லல, எல்லு திங்குதான்னாரு. நாக்குல வெச்சாத் தெரிஞ்சுரும் புள்ள. தெரிஞ்சா நான் குடுக்க மாட்டேன். குடுக்கலீன்னா இது இல்ல. அதனால வெக்கல."

அப்போது கௌலத்துக்கு வந்தது அழுகையா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. உங்களுக்கென்று தினமும் உரலைக் கழுவி வேறாக இடித்தேனே, அதெல்லாம் என்னவாயிற்று என்றாள். அதையும் மைனாவுக்கே போட்டுவிட்டாராம். கூடையை அவர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கும் ஆத்திரம்தான். இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்தது என்ன, இவர் தெரிந்துகொண்டே பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்ன. வீதியில் போகிறவனையெல்லாம் நிறுத்தி யோசனை கேட்கிற ஆள், இதை மட்டும் ஏன் ஒருவரிடமும் கேட்கவில்லை, என்னிடமாவது கேட்டிருக்கலாமே என்று சத்தம் போட்டேன்.

பரீது தீனிப்பையை மைனாவின் கழுத்தில் மாட்டினார். பை இப்போது அதற்கு ரொம்பப் பெரியதாக இருந்தது.

"இத யாருகிட்ட மச்சான் கேக்கறது?" என்றார்.